துண்டு எழுதத் தெரிந்த இயந்திரம்

(ஹட்டனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான், தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவோ ஒரு விளக்கைப் போடவோ சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். தோட்டத்து ஆட்கள் அதே சபைக்கு வாக்குப் போட்டார்கள். அதே சபையில் உறுப்பினராகவும் உட்கார்ந்தார்கள். ஆனாலும் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் பாதையில் குழி விழுந்தால் அது தோட்டத்துத் துரையின் குழி. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இன்னும் பின்னால் போனால், தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதற்குப் பிறகு 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமுள்ள 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். பத்து வருடம் அந்த ஒன்றரை இலட்சம் பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. 1974இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றவர் என்ற நிலைமை சட்டப்படி தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

கணினியைப் பற்றிப் பேச வந்த ஆள் ஏன் சட்ட இலக்கங்களை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று பின்வரிசைப் பிள்ளைகள் யோசிப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லும் சாட்பொட் ஒன்றைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. அதன் துறைக்குள் வராத கேள்வி வந்தால், "இது என்னுடையதல்ல" என்று அது கண்டுகொள்ள வேண்டும். இதை எப்படிப் பழக்குவது? உலகத்தில் பல இடங்களில் இது வெறும் பொறியியல் கேள்வி. வங்கியின் சாட்பொட்டிடம் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டு, அது உளறினால் யாருக்கும் நட்டமில்லை. மலையகத்தில் "இது எங்கள் எல்லைக்குள் வராது" என்ற வாக்கியத்துக்கு எழுபது வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதே வாக்கியத்தை இனி ஓர் இயந்திரமும் சொல்லப் போகிறது என்றால், எப்போது சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் நமக்கு ஒரு பேச்சு இருக்க வேண்டும் அல்லவா?

லயங்களில் பிள்ளைகளின் கைக்கு ஸ்மார்ட் போன் வந்துவிட்டது. 2020இல் கொரோனாவால் பாடசாலை பூட்டியபோது வட்ஸ்அப்பில் வந்த பாடத்துக்காக சிக்னல் தேடி மலையேறிய பிள்ளைகள் இன்று உயர்தரமும் முடித்துவிட்டார்கள். சம்பளத் துண்டில் ஒரு வெட்டு புரியாவிட்டால், "அந்தப் போன்ல கேட்டுப் பாரு" என்று அம்மா சொல்கிறார். முன்பு இந்தக் கேள்வி தோட்டத் தலைவரிடம் போகும். அவரால் முடியாவிட்டால் யூனியனின் மாவட்டக் காரியாலயத்துக்கு, அதுவும் சரிவராவிட்டால் பெட்டிசம் எழுதுகிறவரிடம். இப்போது முதலில் போனுக்குப் போகிறது.

இனி இயந்திரத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பழைய வகை சாட்பொட் ஒன்றுக்கு நீங்கள் சில பெட்டிகளைக் கொடுக்கிறீர்கள். உரம், நோய், சம்பளம் என்று மூன்று. வரும் ஒவ்வொரு கேள்வியையும் அது இந்த மூன்றுக்கும் பங்கு போடும். பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் நூறு. "அம்மாயிக்கு நெஞ்சு அடைக்குது" என்று எழுதினாலும் நூறைப் பங்கு போட்டே ஆகவேண்டும். நான்காவது பெட்டி இல்லை. ஆகவே நோய் என்ற பெட்டிக்கு எண்பது, தொண்ணூறு என்று போய், தேயிலைச் செடியின் கொப்புள நோய்க்கு என்ன அடிக்கலாம் என்று பணிவாக ஒரு பதில் வரும். இயந்திரம் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த உலகத்தில் அம்மாயி இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு முதல் மருந்து எளிமையானது: ஒரு வரம்பு வை, நம்பிக்கை அதற்குக் கீழே போனால் பதில் சொல்லாதே. இந்த யோசனை சாட்பொட்டை விட மூத்தது. 1957இல் சீ. கே. சௌ என்ற ஆய்வாளர், எழுத்துகளை வாசிக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதும்போதே இதன் கணிதத்தைப் போட்டுவிட்டார். தப்பாக வாசிப்பதற்கு ஒரு விலை, வாசிக்க மாட்டேன் என்பதற்கு ஒரு விலை. இரண்டையும் எடை போட்டு, எங்கே மறுப்பது என்று முடிவு செய். கணிதம் அழகானது. ஆனால் அந்த இரண்டு விலையையும் யார் நிர்ணயிப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. கொழும்பில் மென்பொருள் எழுதும் பையனுக்குத் தப்பான பதிலின் விலை ஒரு முறைப்பாட்டு மின்னஞ்சல். பொகவந்தலாவையில் கொழுந்து கிள்ளுகிறவருக்கு அதே தப்பின் விலை ஒரு நாட்சம்பளமும் ஹட்டனுக்குப் போய்வந்த பஸ் காசும்.

இரண்டாவது மருந்து, வெளிக் கேள்விகளையே சேகரித்துக் காட்டிப் பழக்குவது. 2019இல் அமெரிக்காவில் ஒரு குழு இதற்கென்று ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டது. 10 துறைகள், 150 நோக்கங்கள், 22,500 உள்கேள்விகள். கூடவே எந்த நோக்கத்திலும் அடங்காத 1,200 வெளிக் கேள்விகள். உள்ளே இருப்பவற்றை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் பிரித்த முறைகளே வெளிக் கேள்வி வந்தபோது மோசமாகத் தடுமாறின. உள்ளே கெட்டிக்காரனாக இருப்பதும் வாசலை அறிவதும் வேறு வேறு திறமை என்பதற்கு அது ஒரு நல்ல அத்தாட்சி.

மூன்றாவது விடயம்தான் எனக்கு மிகவும் சுவையானது. 2011 பெப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வொட்சன் என்ற கணினி, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜெப்பர்டி வினாவிடைப் போட்டியில் இரண்டு மனித வெற்றியாளர்களைத் தோற்கடித்தது. வழியில் ஒரு சறுக்கல். "அமெரிக்க நகரங்கள்" என்ற தலைப்பில் வந்த இறுதிக் கேள்வி ஒன்றுக்கு அது சொன்ன விடை டொரன்டோ. கனடாவில் இருக்கும் டொரன்டோ! எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் திரையில் அந்த விடைக்குப் பின்னால் ஐந்து கேள்விக்குறிகள் இருந்தன. தனக்குத் தெரியாது என்பது வொட்சனுக்குத் தெரிந்தே இருந்தது. போட்டியின் மற்றக் கட்டங்களில் நம்பிக்கை குறைந்தால் அது மணியை அழுத்தாமல் சும்மா இருந்தது. இறுதிக் கட்டத்தில் மட்டும் எல்லோரும் ஏதாவது எழுதியே ஆகவேண்டும் என்பது விதி. விதிதான் அதை உளற வைத்தது.

இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 2025 செப்டெம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் இதை ஒப்புக்கொண்டார்கள்: இந்த மாதிரிகளை மதிப்பிடும் சோதனைகள் ஊகத்துக்குப் புள்ளி கொடுக்கின்றன, "தெரியாது" என்பதற்குப் பூச்சியம் கொடுக்கின்றன. நம் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம்? "தெரியாட்டி ஏதாவது ஒன்றுக்குப் புள்ளடி போட்டுட்டு வா, வெறுமனே விட்டுட்டு வராதே." தப்புக்குப் புள்ளி வெட்டாத பரீட்சையில் அது சரியான புத்திமதி. அதே புத்திமதியில் வளர்ந்த இயந்திரத்தை ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டால் அதுவும் புள்ளடிதான் போடும். வித்தியாசம் ஒன்று: பிள்ளை புள்ளடி போடும்போது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இயந்திரத்தின் நடை மாறவே மாறாது.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது, நூறு வருடத்து அறிவு அங்கே குவிந்து கிடக்கிறது. அந்த அறிவை வைத்துத் தேயிலைக்கு ஒரு சாட்பொட் கட்டினால் நல்லதுதான். 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை இருக்கிறது, உண்மை. ஆனால் அது நெல், மரக்கறி போன்ற உணவுப் பயிர்களுக்கானது. தேயிலை வேறு அமைச்சு, வேறு நிறுவனம். லயத்துக்குப் பக்கத்தில் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருக்கிற ஒருவருக்குத் தன் தோட்டத்தின் ஒரு மூலை ஒரு இலக்கத்துக்கும் அடுத்த மூலை இன்னொரு இலக்கத்துக்கும் போகிறது என்பது எப்படித் தெரியும்?

அந்தத் தேயிலை சாட்பொட்டிடம் இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "லயத்துக்குப் பின்னாடி மலையில மண்ணு நீளமா வெடிச்சிருக்கு. என்ன செய்யலாம்?" மண், மலை, வெடிப்பு எல்லாமே தேயிலைச் சொற்கள். நம்பிக்கை அளவு தொண்ணூற்றைத் தாண்டும். வரட்சியில் மண் வெடிக்கும், மூடாக்குப் போடுங்கள், சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுங்கள் என்று பதில் வரும். மண்ணியல் பாடத்தில் அது சரியான பதிலாகவும் இருக்கலாம். ஆனால் நவம்பர் மழையில், லயத்துக்கு மேலே, நீளமாக ஒரு வெடிப்பு என்றால் அது தேயிலைக் கேள்வி அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். லயங்கள் அங்கேயேதான் இருந்தன. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்து இலங்கை முழுவதிலும் 600 பேருக்கு மேல் இறந்தபோது, மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவு என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்வி தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ இலக்கத்துக்கும் உரியது. அதற்கும் முன்னால், "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கிருந்து வெளியேறுங்கள்" என்ற ஒரு வரிக்கு உரியது.

இன்னொன்று. "மருந்து அடிச்ச கையோட சாப்பிட்டுட்டேன், வயித்தைப் புரட்டுது." இதிலும் சொற்கள் எல்லாம் தோட்டத்துச் சொற்கள்தான். மருந்தின் பெயரையும் அவர் சொல்லியிருந்தால் சாட்பொட்டுக்கு இன்னும் உற்சாகம். கலக்கும் அளவைச் சொல்லத் தொடங்கிவிடும். சொல்ல வேண்டியது 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை.

தூரத்துக் கேள்வியைக் கண்டுபிடிப்பது சுலபம். கிரிக்கெட் ஸ்கோரை எந்த இயந்திரமும் இன்று பிரித்துவிடும். ஆளைக் கொல்வது வேலிக்கு ஒட்டினாற்போல நிற்கும் கேள்வி. அதே சொல், அதே மண், ஆனால் வேறு பொருள். அமெரிக்காவில் சேகரித்த 1,200 கேள்விகளில் லயத்துக்குப் பின்னால் வெடித்த மண் இருக்காது. அதைச் சேகரிக்க வேண்டியவர்கள் பிரட்டுக்களத்தில் நிற்கிறவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு தோட்டமாக எடுத்துக்கொண்டால் ஒரு தவணை விடுமுறையில் முடிகிற வேலை. கேட்கிறவர் சொன்னபடியே எழுத வேண்டும். வாத்தியார் தமிழில் திருத்திவிட்டால் சேகரித்ததன் பயனே போய்விடும்.

ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை காத்திருக்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததன் மையமும் அதுவே. ஒரு கேள்வி தன் துறைக்கு வெளியே என்று இயந்திரம் எப்படி முடிவு செய்கிறது? தான் பார்த்துப் பழகியவற்றிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துதான். இயந்திரம் பார்த்துப் பழகிய தமிழ் எது? சென்னைப் பத்திரிகைத் தமிழ், விக்கிப்பீடியாத் தமிழ், சினிமாச் செய்தித் தமிழ், கொஞ்சம் யாழ்ப்பாணத் தமிழ். மலையகத்தின் பேச்சு அதில் உப்புக்குக்கூட இருக்காது. ஆகவே பழக்கமில்லாத பேச்சைப் பழக்கமில்லாத பொருள் என்று அது எடுத்துக்கொள்ளும்.

தொழில் சட்டத்துக்கு என்றே ஒரு சாட்பொட் இருக்கிறது என்று வைப்போம். ஓர் அக்கா கேட்கிறார்: "கொழுந்து கொறஞ்சிருச்சுன்னு அரைப்பேரு போட்டுட்டாங்க, இது செல்லுமா?" இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் விளங்குகிறது. நிர்ணயித்த கிலோ வராததால் அரைநாட் சம்பளம் எழுதிவிட்டார்கள், சட்டப்படி சரியா? தொழில் சட்டத்தின் நட்டநடுவில் நிற்கிற கேள்வி இது. இயந்திரமோ இரண்டில் ஒன்றைச் செய்யும். பெயர் மாற்றம் என்று எண்ணிப் பிறப்புச் சான்றிதழ் திருத்தத்துக்கு வழி சொல்லும். அல்லது, "மன்னிக்கவும், இது என் துறைக்கு அப்பாற்பட்டது" என்று கையைக் கழுவும். இரண்டாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஏனென்றால் கட்டியவர்களின் கணக்கில் அது ஒரு வெற்றி. பாருங்கள், எங்கள் சாட்பொட் உளறவில்லை, அடக்கமாக மறுத்துவிட்டது என்று அறிக்கையில் எழுதுவார்கள். கொழும்புத் தமிழில் கேட்டவருக்குப் பதில், கொட்டகலைத் தமிழில் கேட்டவருக்கு மறுப்பு. 33ஆவது பிரிவு மறுபடி உயிர்பெற்ற மாதிரி, இம்முறை எந்தப் பாராளுமன்றமும் நிறைவேற்றாமலே.

இந்த இடத்தில் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது திருப்பிக் கேட்கும் பழக்கம். பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாகப் பிரித்ததை இங்கிருக்கும் மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதில் ஒன்று வினா எதிர் வினாதல். கேள்விக்குக் கேள்வியாலேயே விடை சொல்வதையும் அவர் விடைதான் என்று ஏற்றுக்கொண்டார். "அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளமா, அல்லது உங்கள் பெயரைப் பாதியாக எழுதிவிட்டார்களா?" என்று சாட்பொட் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அக்காவுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பதில் சொல்லுவார். பொருள் வெளியே நிற்கிறதா, பேச்சுத்தான் புதிதா என்று பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

காலத்துக்கும் ஒரு வேலி உண்டு. நாட்சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். 2021இல் ஆயிரம் ரூபா. 2024 மே தினத்துக்கு முதல் நாள் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசே தருவதாகவும் அறிவித்தார்கள். இதில் எந்தத் திகதியில் பாடம் முடித்த இயந்திரமோ, அந்தத் திகதியின் தொகையைத்தான் ஆணியடித்த மாதிரிச் சொல்லும். களைக்கொல்லியும் உரமும் அப்படித்தான்: 2015இல் கிளைபோசேட்டுக்குத் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்வு, 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதிக்கே தடை, அந்த வருடம் முடிவதற்குள் அதுவும் போயிற்று. ஆகவே சம்பளம், மருந்து, உரம் ஆகிய மூன்றிலும் நேற்றைய பதிலை இன்றைக்குச் சொல்வதையே துறைக்கு வெளியே போவதாகக் கருத வேண்டும் என்பது என் கட்சி. திகதியைச் சொல்லாமல் தொகையைச் சொல்லும் சாட்பொட்டை நான் தோட்டத்துக்குள் விடமாட்டேன்.

சரி, மறுக்க வேண்டிய கேள்வியை மறுத்தாயிற்று. அதற்குப் பிறகு?

தோட்டத்து டிஸ்பென்சரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1912இலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்து, தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. அந்த ஏற்பாட்டின் வாரிசாக இன்றும் பல தோட்டங்களில் ஒரு தோட்ட வைத்திய உதவியாளர் இருக்கிறார். பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். ஆனால் லயத்தில் அவர் டாக்டர் ஐயா. காய்ச்சல், இருமல், வெட்டுக் காயம், அட்டைக்கடி எல்லாம் அவரே பார்ப்பார். ஒரு நல்ல டாக்டர் ஐயாவைப் பற்றித் தோட்டத்தில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் தெரியுமா? எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்று பேசமாட்டார்கள். "எங்க மாமாவுக்கு நெஞ்சுவலின்னு போனோம், தொட்டுப் பார்த்த உடனே டிக்கோயாவுக்கு ஏத்திட்டாரு, அதான் பொழச்சாரு" என்பார்கள். மோசமானவர் காஸ் என்று சொல்லி ஒரு கலவையைக் கலக்கிக் கொடுத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே மருந்து அலுமாரி. தன் அலுமாரி எங்கே முடிகிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் வெறுமனே "என்னால முடியாது" என்று கதவைச் சாத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு துண்டு எழுதினார். பெயர், வயது, எப்போது தொடங்கியது, தான் என்ன கொடுத்தார் என்று நாலு வரி. லொறியையோ வேனையோ பிடித்துக் கொடுத்தார். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் அந்தத் துண்டைப் பார்த்ததும் வேலை நடந்தது. (துண்டு என்றதும் பெரியவர்களுக்கு அந்தக் காலத்துத் துண்டு முறை ஞாபகம் வரலாம். கங்காணியின் கடன் கணக்கை எழுதி ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தள்ளிவிட்ட அந்தத் துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. நான் சொல்வது ஆளைக் காப்பாற்றிய துண்டை.)

சாட்பொட்டின் மறுப்பு அப்படி ஒரு துண்டாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இது ஆசைக்கு மீறிய கோரிக்கை அல்ல. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 6(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தவறான அலுவலகத்துக்கு மனு வந்துவிட்டால், அந்த அலுவலகமே ஐந்து நாட்களுக்குள் அதைச் சரியான இடத்துக்கு மாற்றிவிட்டு, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். "எங்களுடையதல்ல" என்று திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. மனித அலுவலகத்துக்கு விதிக்க முடிந்ததை இயந்திரத்துக்கு விதிக்க முடியாதா?

ஓய்வுக்குப் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதாயிற்று, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அவர் கேட்பது "என் காசு எப்ப வரும்?" என்று. அந்தக் காசு ஒரு காசு அல்ல. சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி. அவருடைய எட்டு வீதம், நிர்வாகத்தின் பன்னிரண்டு வீதம். கோரிக்கையைப் பார்ப்பது தொழில் திணைக்களம், காசை வைத்திருப்பது மத்திய வங்கி. ஊழியர் நம்பிக்கை நிதி 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். நிர்வாகம் மட்டும் கட்டும் மூன்று வீதம். அதற்குத் தனியாக ஒரு சபை. சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாட் சம்பளம். தர வேண்டியது தோட்ட நிர்வாகம். ஈ.பி.எஃப்.புக்கு என்று கட்டிய சாட்பொட் முதலாவதைச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டும் தன் துறைக்கு வெளியே என்று சும்மா இருந்தால் விதிப்படி அது சரி. அந்த அம்மா மற்ற இரண்டும் இருப்பதையே அறியாமல் வீட்டுக்குப் போவார். துண்டு எழுதத் தெரிந்த சாட்பொட், "இது என்னிடம், அது நம்பிக்கை நிதிச் சபையிடம், மூன்றாவதைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கேளுங்கள், தராவிட்டால் தொழில் காரியாலயத்துக்குப் போங்கள், அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கையோடு கொண்டு போங்கள்" என்று சொல்லும்.

அந்தத் துண்டு இரண்டு மொழியில் இருக்கட்டும் என்பேன். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழிதான். ஆனால் கருமபீடத்தில் தமிழ் தெரிந்தவர் லீவில் போன நாளில் நமது மனுக்கள் என்ன பாடுபடும் என்பது தெரிந்த கதை. அம்மாவுக்குத் தமிழில் ஒன்று, கருமபீடத்தில் நீட்டச் சிங்களத்தில் ஒன்று. மொழிபெயர்ப்பில் இந்த இயந்திரங்கள் இன்று ஓரளவு கெட்டி. தெரிந்த வேலையை இந்த இடத்தில் செய்யட்டும்.

பிழையான பதிலுக்கு யார் பொறுப்பு? கனடாவில் ஒரு வழக்கு. பாட்டி இறந்ததற்குப் பயணம் செய்த ஒருவரிடம், துக்கக் கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று எயார் கனடா நிறுவனத்தின் சாட்பொட் சொல்லியிருந்தது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. சாட்பொட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதைத் தள்ளிவிட்டு, ஏறக்குறைய 812 கனேடிய டொலர் கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதமே நியூயோர்க் நகர நிர்வாகத்தின் சாட்பொட்டைப் பற்றிச் செய்தி வந்தது. தொழிலாளிக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் காசில் முதலாளி பங்கெடுக்கலாம் என்று அது வியாபாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி அது குற்றம். நியூயோர்க்கில் அதைச் சோதித்து எழுதப் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். இங்கே நாட்சம்பளத்தைப் பற்றி ஒரு சாட்பொட் உளறினால் யார் சோதிப்பார்கள் என்று யூனியன்காரர்கள் இப்போதே யோசித்து வைக்கலாம்.

கடைசியாக ஒரு யோசனை. இயந்திரம் மறுத்த கேள்விகள் எங்கே போகின்றன? இப்போதைக்கு எங்கோ ஒரு நிறுவனத்தின் சேர்வரில் குப்பையாகக் கிடக்கும். அவற்றை மாதத்துக்கு ஒருமுறை தொகுத்து, பெயரும் தொலைபேசி இலக்கமும் இல்லாமல், நுவரெலியா மாவட்டச் செயலகத்திடமும் யூனியன்களிடமும் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். எந்தச் சேவை எங்கே இல்லை என்பதை அந்தப் பட்டியலைப் போல வேறு எந்தக் கணக்கெடுப்பும் காட்டாது. ஒரு நிபந்தனை: தோட்ட நிர்வாகங்களின் கைக்கு மூலப் பதிவுகள் போகக் கூடாது. ஒரு லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு போன் சுற்றும் இடத்தில், அரைப்பேரைப் பற்றிக் கேட்டது யார் என்று கண்டுபிடிக்கத் துரைக்கு ஒரு நாள் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கட்டுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

அந்தப் பட்டியலில் முதல் மாதம் எது அதிகம் வரும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. காசு எடுக்கப் போன இடத்தில் மூன்றும் மூன்று ஆள். இது யாருடைய கேள்வி? பதிவாளருடையதும்தான், ஆட்பதிவுத் திணைக்களத்தினதும்தான், தொழில் காரியாலயத்தினதும்தான், தோட்டத்துக் கிளாக்கருடையதும்தான். எல்லோருக்கும் பாதி உரியது, ஒருவருக்கும் முழுதாக உரியதல்ல. நல்ல சாட்பொட்டும் இதில் ஒரு சத்தியக் கடதாசிக்கு மேல் வழி சொல்ல முடியாது. ஆனால் எந்தெந்தத் தோட்டத்துப் பக்கமிருந்து இந்தக் கேள்வி வந்தது என்று பட்டியல் சொன்னால், அந்தப் பக்கத்துக்கு ஒரு நடமாடும் சேவையை அனுப்பலாம். பதிவாளர், ஆட்பதிவு, தொழில் காரியாலயம், ஒரு சமாதான நீதவான், தோட்டத்துச் செக்ரோல் புத்தகம், எல்லாவற்றையும் ஒரே நாளில் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் ஒரே மேசையில் வைக்கலாம். போயா நாளாகவோ ஞாயிறாகவோ பார்த்து வைத்தால், சம்பளமும் வெட்டுப்படாது.